பைப்பிலிருந்து சிகாருக்கு: எந்த இலையில் தொடங்குவது?

மாலைப்புகை (சென்னை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பதினொரு ஆண்டுகளாகப் பைப் மட்டுமே புகைத்து வருகிறேன். நாளொன்றுக்கு ஒரு கிண்ணம், அதுவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டைமாடியில். லட்டாக்கியா என்னும் கறுத்த, மணம் மிகுந்த புகையிலை சேர்ந்த ஆங்கிலக் கலவைகளே எனக்குப் பிடித்தவை; பீட்டர்சன் பெயரில் இப்போது வரும் மை மிக்ஸ்சர் 965 கலவை எப்போதும் வீட்டில் இருக்கும். மாறுதல் வேண்டுமென்றால் தகடாக அழுத்தி வெட்டிய விர்ஜீனியா ஃபிளேக்கைக் கையால் உதிர்த்து நிரப்பிக்கொள்வேன். சிகார் பக்கம் இதுவரை போனதில்லை.

சென்ற மாதம் துபாயிலிருந்து வந்த என் மைத்துனர் இரண்டு சிகார்களைக் கொடுத்தார். முதலாவது, கட்டைவிரல் பருமனுள்ள நிகராகுவா ரொபஸ்டோ, அதாவது குட்டையான, பருத்த வகை. பைப்பைப் போலவே புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயோடு நிறுத்தித்தான் புகைத்தேன். பாதியைத் தாண்டியதும் நெற்றி வேர்த்தது, தலை சுற்றியது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி சர்க்கரை கூட்டிய எலுமிச்சைச் சாற்றைக் கொண்டுவந்து கொடுத்த பிறகே நிதானத்துக்கு வந்தேன். இரண்டாவது சிகார் மெல்லியது, வெளிர் பழுப்பு நிறம். அதில் தலைசுற்றல் இல்லை. ஆனால் காய்ந்த வைக்கோலின் மணத்தைத் தவிர வேறொன்றும் என் நாக்குக்குத் தெரியவில்லை.

இத்தனை ஆண்டு பைப் பிடித்தவனை ஒரு சிகார் ஏன் இப்படிச் சாய்த்தது என்பதை முதலில் அறிய விரும்புகிறேன். லட்டாக்கியாவுக்குப் பழகிய நாக்குக்கு ஏற்ற சிகார் என்று ஒன்று உண்டா? அப்படி வாங்கினால், சென்னையின் புழுக்கத்தில் அதை எப்படி வைத்துக் காப்பது, பைப் புகையிலை இருக்கும் தகரப் பெட்டியிலேயே போட்டு வைக்கலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

சாம்பல்கிண்ணம் (பெங்களூரு) எழுதியது:

ஐயா, தங்கள் அனுபவத்தில் குறையில்லை, கணக்கில்தான் இடறியிருக்கிறீர்கள். நடுத்தரக் கிண்ணமுள்ள பைப்பில் 2 அல்லது 3 கிராம் புகையிலை கொள்ளும். அதிலும் அடியில் ஈரமாகத் தங்குவதைத் தட்டிக் கொட்டிவிடுகிறோம். ஒரு ரொபஸ்டோவின் எடையோ 11, 12 கிராம். தாங்கள் பாதியில் நிறுத்தியபோதே இரண்டு நாளுக்கான புகையிலையை ஒரே அமர்வில் முடித்திருந்தீர்கள்.

அளவைவிட முக்கியமானது இலையைப் பாடம் செய்யும் முறை. ஆங்கிலக் கலவைகளுக்கு அடித்தளமாக இருக்கும் விர்ஜீனியா இலையைச் சூளையறையில் வெப்பக்காற்றால் சில நாள்களிலேயே உலர்த்திவிடுவதால், இலையிலுள்ள சர்க்கரை பெருமளவு அப்படியே தங்கிவிடுகிறது. சர்க்கரை மிகுந்த இலையின் புகை அமிலத் தன்மை கொண்டது; அத்தகைய புகையிலிருந்து நிகோடின் வாயின் உட்தோல் வழியாக அவ்வளவு எளிதில் உடலுக்குள் இறங்குவதில்லை. சிகாருக்குரிய இலையை நிழற்கொட்டகையில் தொங்கவிட்டுக் காற்றிலேயே வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அதன் பின் ஈரம் தெளித்துக் குவியலாக அடுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். குவியலின் உள்வெப்பம் 45, 50 பாகை செல்சியஸை எட்டும்போது பிரித்து, வெளியில் இருந்ததை உள்ளேயும் உள்ளே இருந்ததை வெளியேயும் மாற்றி அடுக்குவார்கள். இந்த வேலை முடிவதற்குள் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் கரைந்துபோய்விடும், அம்மோனியா ஆவியாக வெளியேறும். எஞ்சும் இலையின் புகை காரத் தன்மை உடையது. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் அதன் நிகோடின் வாய்வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், உள்ளே இழுக்காததால் உடலுக்குத் தீங்கில்லை என்ற எண்ணமும் போய்விடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சிகாரும் ஒரு காரணம் என்பது நாம் அனைவரும் அறிந்தே செய்கிற செலவு.

ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அளவைப் பாருங்கள். சிகாரின் பருமனை அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். ரொபஸ்டோவின் 50 என்பது கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர்; ‘பெட்டீ கொரோனா’ என்னும் மெல்லிய வகையின் 42 என்பது 17 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கைக்குப் பெரிய வேறுபாடாகத் தெரியாது. ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் ரொபஸ்டோ 40 விழுக்காடு கூடுதல். கியூபாவின் மொண்டெகிறிஸ்டோ 4-ஆம் எண் சிகார் 129 மில்லிமீட்டர் நீளமும் 42 பருமனும் கொண்டது. தங்களைப் போன்றவர்களுக்கு அதுவே மேல் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நான்கை டொமினிக்கன் குடியரசிலிருந்து வரும் மென்மையான வகைகளாக, துணிப்பந்தல் நிழலில் வளர்த்த கனெக்டிகட் வகை மேலிலை சுற்றியவையாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. சுவைக்காக அன்று, எரிப்பதைக் கற்றுக்கொள்வதற்காக. வயிறு நிறைந்த பின், நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. பைப்பை அணையவிட்டு மறுபடி பற்றவைக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. சிகாரிலும் சில நிமிடங்களுக்குள் அப்படிச் செய்யலாம். அரை மணி நேரம் கழித்துப் பற்றவைத்தால் சாம்பல் கிண்ணத்தை நக்கியதுபோல் இருக்கும்.

உறையூரான் (திருச்சி) எழுதியது:

பெங்களூரு நண்பர் சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பில்லை; சிபாரிசில்தான் உடன்பாடில்லை. கேட்டவர் ஏற்கெனவே வெளிர் பழுப்பு மேலிலை சுற்றிய ஒன்றைப் புகைத்துவிட்டு, வைக்கோல் என்று எழுதியிருக்கிறார். அதே வகையில் இன்னும் நான்கை வாங்கச் சொன்னால் ஐந்தாவதற்கு ஆள் இருக்க மாட்டார். புகை என்பதையே அறியாதவருக்கு மென்மை நல்லது. லட்டாக்கியாவை இரவுதோறும் புகைக்கிற நாக்கு அழுத்தமான சுவைக்குப் பழகிய நாக்கு. அதற்குக் கஞ்சி ஊட்ட வேண்டியதில்லை. இலையின் அழுத்தத்தைக் குறைக்காமல் அளவை மட்டும் குறைத்தால் போதும்.

என் கருத்தில் அவருக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, ஆர்தூரோ ஃபுயென்டே நிறுவனத்தின் ஹெமிங்வே வரிசையில் வரும் ஷார்ட் ஸ்டோரி. நான்கு அங்குல நீளம், இரு முனையும் கூம்பியது, கேமரூன் மேலிலை. பர்லி என்னும் புகையிலை கலந்த பைப் கலவைகளில் கிடைக்கும் வறுத்த வேர்க்கடலை வாசம் அதில் உண்டு. மற்றொன்று பட்ரோன் லோந்த்ரெஸ், மதுரோ மேலிலையில். ஐந்தரை அங்குலம், 42 பருமன், நிகராகுவா இலை. மதுரோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குப் பழுத்தது என்று பொருள். மேலிலையைக் கூடுதலாகப் புளிக்க வைத்துக் கறுக்க விடுவதால், சர்க்கரை இல்லாமலேயே ஒரு கொக்கோ இனிப்பு நாக்கில் தட்டும். மெல்லிய சிகாரில் உள்ளிலையின் பங்கு குறைந்து மேலிலையின் பங்கு கூடுவதால், அந்தச் சுவை பருத்த சிகாரைவிட இதில் தெளிவாகத் தெரியும். பைப்பில் பெரிக் என்னும் அழுத்தமான புகையிலையை ஒரு சிட்டிகை சேர்த்தால் கலவை முழுவதும் மாறிவிடுகிறதே, ஏறத்தாழ அதைப் போன்றதுதான்.

உறையூர்க்காரன் என்பதால் எங்கள் ஊர்ச் சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் செரூட் என்று வழங்கும் சொல் நம்முடைய சுருட்டுத்தான். திண்டுக்கல் வட்டாரப் புகையிலையை உறையூரில் சுருட்டி, திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்ற பெயரில் லண்டன்வரை விற்ற காலம் இருந்தது. பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் இதைப் புகைத்தார் என்ற கதையை ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். இரு முனையும் வெட்டித் திறந்திருப்பதால் இதற்குக் கத்தரி வேண்டாம், ஈரம் காக்கும் ஈரப்பெட்டி வேண்டாம், விலையும் அச்சுறுத்தாது. ஆனால் புகை முரட்டுத்தனமானது, நயம் தேடுகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒன்றை வாங்கி மூன்றில் ஒரு பங்கு புகைத்துப் பாருங்கள். வெளிநாட்டு இலைக்கு ஏன் அவ்வளவு விலை என்பதும், அந்த விலையில் எவ்வளவு சிகாரைச் சுற்றிய வெறும் பட்டைக் காகிதத்துக்குப் போகிறது என்பதும் ஒருசேரப் புரியும்.

மாலைப்புகை (சென்னை) மீண்டும் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 12 கிராம் கணக்கை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத இயலாது.

இதற்கிடையில் ஒரு கடையில் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியில் கியூபாவின் பெயர்பெற்ற கொஹீபா சிகார் என்று காட்டினார்கள். இருபத்தைந்தையும் சேர்த்து வாங்கினால் பாதி விலை என்றார்கள். வாங்கவில்லை, ஆனால் மனம் அதிலேயே இருக்கிறது. வாங்கலாமா?

சாம்பல்கிண்ணம் (பெங்களூரு) எழுதியது:

வேண்டவே வேண்டாம். கொஹீபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை. அந்தப் பெட்டியே போலிக்கு முத்திரை. ஒரு முறை நானும் அப்படி ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வந்து பிளேடால் நெடுக்காகக் கீறிப் பார்த்தேன். மேலே ஓர் இலை, உள்ளே பீடித் தூளைப் போன்ற நறுக்கு, நடுவே ஒரு காம்பு. நம் நாட்டில் முறையாக இறக்குமதியான பெட்டியில் படத்துடன் கூடிய எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதுகூட இல்லாததைத் தொடாதீர்கள். தங்கள் மைத்துனர் அடுத்த முறை வரும்போது, பயணச்சுமை விதிகள் அனுமதிக்கும் 25 சிகார்களுக்குள் விமான நிலையக் கடையில் வாங்கி வரச் சொல்வதே உத்தமம். சிகரெட்டோ பைப் புகையிலையோ சேர்த்துக் கொண்டுவந்தால் அந்த 25 கிடையாது, கவனம்.

கொட்டில்வாசி (டொராண்டோ) எழுதியது:

இந்த உரையாடலில் ஒரு விடயம் விடுபட்டுப் போனது எனக்கு வியப்பாக இருக்கிறது. கேட்டவருக்குப் பிடித்திருப்பது லட்டாக்கியா. லட்டாக்கியாவின் சுவை இலையின் சுவையன்று, புகையின் சுவை. இப்போது சைப்ரஸிலிருந்து வரும் அந்த இலையை மணமுள்ள புதர்களையும் மரத்துண்டுகளையும் மூட்டிய புகைக்கு மேல் நீண்ட நாள் தொங்கவிட்டே கறுக்க வைக்கிறார்கள். கியூபா, நிகராகுவா, டொமினிக்கன் சிகார்களில் வழக்கமாகச் சேர்வதெல்லாம் காற்றில் உலர்ந்த இலை. அவற்றில் நூறு வகையை மாற்றி மாற்றிப் புகைத்தாலும் அவர் தேடுவது கிடைக்காது. கிடைக்காததற்கு அவருடைய நாக்கைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

எனக்கு இது படிப்பால் தெரிந்ததன்று. என் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். எங்கள் ஊரில் புகையிலையைக் குடிலுக்குள் கட்டித் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டையை மூட்டிப் புகை பிடிக்க விடுவார்கள். தீ எழும்பக் கூடாது, புகை மட்டும் வர வேண்டும். சுவாலை கண்டால் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தச் சுருட்டு தென்னிலங்கை முழுவதும் போனது, அங்கே யாழ்ப்பாணத்தாரின் கடைகளுக்கே சுருட்டுக் கடை என்றுதான் பெயர். கொட்டிலில் எல்லோரும் குந்தியிருந்து சுருட்ட, ஒருவர் மட்டும் பத்திரிகையை உரத்து வாசிப்பார். ஹவானாவில் 1865 தொடக்கம் சிகார்த் தொழிற்சாலைகளில் இதே வழக்கம் இருந்தது என்பதைப் பின்னாளில் அறிந்தபோது, அப்பப்பாவிடம் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது. நான் இங்கே பைப்புக்கு வந்தபின் முதன்முதலாக லட்டாக்கியா டப்பாவைத் திறந்தபோது மூக்கில் ஏறியது அந்தக் குடிலின் மணம்தான்.

எனவே ஐயா, தாங்கள் தேட வேண்டியது நெருப்புப் புகையில் பாடம் செய்த இலையை. இத்தாலியின் டொஸ்கானோ சிகார் முழுக்க முழுக்கக் கென்டக்கி வகைப் புகையிலையால் ஆனது. ஓக் போன்ற கட்டைகளை எரித்த புகையில் அதை உலர்த்துகிறார்கள். பைப் கலவைகளில் கறுத்த கென்டக்கி என்று சேர்க்கிறார்களே, அதன் உறவு இது. 1815-இல் பிளாரன்ஸில் மழையில் நனைந்து புளித்துப்போன புகையிலையை வீணாக்காமல் மலிவுச் சிகாராகச் சுருட்டியதில் இது பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. நடுவில் பருத்து, இரு முனையும் கூம்பி, கோணல்மாணலாக, வேப்பங்குச்சியைப் போல இருக்கும். அழகு பார்த்து வாங்குகிற பொருளன்று. இத்தாலியர் அதை பெரும்பாலும் நடுவில் வெட்டிப் பாதி பாதியாகப் புகைப்பார்கள், அந்தப் பாதியின் மெல்லிய முனையை வாயில் வைத்துக்கொண்டு பருத்த முனையில் பற்றவைப்பார்கள். காரம் உண்டு, ஆனால் பாதி என்பதால் தங்கள் பைப்பின் கணக்குக்கு அருகில் வந்துவிடும். உலர்ந்த சிகார் ஆதலால் ஈரப்பெட்டித் தொல்லையும் இல்லை. அமெரிக்காவின் ட்ரூ எஸ்டேட் நிறுவனமும் கென்டக்கிப் புகையிலை சேர்த்து ஒரு வரிசை செய்கிறது. அது இதைவிடப் பருமன், இனிப்பும் கூட. நான் டொஸ்கானோ பக்கம்.

ஈரமானி (புதுச்சேரி) எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை, ஆகவே சுருக்கமாக. பைப் புகையிலையோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. லட்டாக்கியாவின் மணம் ஒரு வாரத்தில் சிகாருக்குள் இறங்கிவிடும், பிறகு எல்லாச் சிகாரும் ஒரே சிகார்தான்.

நம் கடற்கரை ஊர்களில் உலர்ந்துபோவது தொல்லையன்று, ஊறிப்போவதுதான் தொல்லை. விலை உயர்ந்த மரப்பெட்டி வாங்குவதைவிட, சமையலறையில் பயன்படும் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பாவில் ஈரத்தை 65 விழுக்காட்டில் நிறுத்தும் ஈரப்பொதி ஒன்றைப் போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் போதும். ஈரத்தைவிட வெப்பத்துக்கு அஞ்சுங்கள். புகையிலை வண்டின் முட்டை 25 பாகையைத் தாண்டினால் பொரியத் தொடங்கும். நம் ஊரில் மே மாத நள்ளிரவுகூட அதற்கு மேல். ஒரு கோடையில் என் டப்பாவைத் திறந்தபோது மேலிலையில் குண்டூசி குத்தியதுபோல் துளைகள், அடியில் மாவு மாதிரி தூள். ஒன்றை எடுத்துத் தட்டினேன், எள்ளைவிடச் சிறிய பழுப்பு வண்டு ஒன்று மேசையில் நடந்து போனது. பதினான்கு சிகார்களைக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு எது வந்தாலும் இரட்டைப் பைக்குள் கட்டி, ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியிலும் மூன்று நாள் உறைபெட்டியிலும் மறுபடி ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியிலும் வைத்த பின்னரே டப்பாவுக்குள் விடுகிறேன். நேராக உறைபெட்டியிலிருந்து வெளியே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும்.

மாலைப்புகை (சென்னை) ஐந்து வாரங்களுக்குப் பின் எழுதியது:

மிலானிலிருந்து திரும்பிய அலுவலக நண்பர் ஒருவர் மூலம் டொஸ்கானோவும், மைத்துனர் வழியே ஷார்ட் ஸ்டோரி நான்கும் வந்து சேர்ந்தன. உறையூர்ச் சுருட்டை நானே திருச்சிக்கு ஒரு திருமணத்துக்குப் போனபோது வாங்கினேன்.

சுருட்டை, சொன்னபடியே மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் துணிவு வரவில்லை. ஷார்ட் ஸ்டோரி இனிமையாக இருந்தது. கூம்பிய நுனியில் முதலில் ஒன்றும் வராததால் பைப்பை இழுப்பதுபோல் வேகமாக இழுத்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன், இரண்டாவதில் பொறுமை வந்தது. வேர்க்கடலை வாசம் என்று உறையூரான் எழுதியதை நான் நம்பவில்லை, இப்போது நம்புகிறேன். மாதம் ஒன்று போதும் என்று தோன்றுகிறது.

டொஸ்கானோவைக் காய்கறிக் கத்தியால் வெட்டினேன், சற்றுக் கோணலாகத்தான் விழுந்தது. பற்றவைத்துச் சில நிமிடங்களில் கீழ்வீட்டிலிருந்து அத்தை படியேறி வந்து, யார் விறகடுப்பு மூட்டியது என்று கேட்டார். லட்டாக்கியாவின் மெழுகு மணம் இதில் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனால் அடியில் ஓடுகிற அந்தப் புகைச்சுவை எனக்குத் தெரிந்ததுதான். நாற்பது நிமிடம் ஆயிற்று, தலை சுற்றவில்லை. மீதிப் பாதியைத் தீப்பெட்டியோடு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். டொராண்டோ நண்பருக்கு ஒரு கேள்வி: யாழ்ப்பாணத்துச் சுருட்டு இன்று எங்கே கிடைக்கும்?